பெட்டிப் படத்தை விடுங்கள், ஆளைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற மாதம், நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ சண்டையைச் சாப்பாட்டு மேஜையில் ஆடுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: எந்தப் பொம்மை வீரர்களை வாங்குவது, நல்லது எது மட்டம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அதனால் இந்த மாதம் முழுவதும் அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வரலாற்றுப் போர் விளையாட்டு என்பது நடந்த ஒரு சண்டையை, விரலளவு வீரர்களை வைத்து, அளவுகோலும் பகடையும் விதிப்புத்தகமும் கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவது. சதுரங்கத்தைப் போல இதில் கட்டம் கிடையாது. மேஜையே போர்க்களம்.

கே: நெப்போலியன் காலத்து பிரெஞ்சு காலாட்படை என்று ஒரு பெட்டி வாங்கினேன் சார். அட்டைப்படம் பிரமாதம். உள்ளே இருந்தவர்கள் அப்பளம் போலத் தட்டையாக இருக்கிறார்கள். வாங்கும் முன்பே இதை எப்படித் தெரிந்துகொள்வது? (கோவை வாசகர்)

அட்டைப்படத்தை வரைந்தவர் வேறு, அச்சுக்காக அந்த ஆளைச் செதுக்கியவர் வேறு. படத்தில் புகையும் கொடியும் பாயும் குதிரையும் இருக்கும், அதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். வண்ணம் பூசாத வெறும் பிளாஸ்டிக் ஆட்களின் புகைப்படம் இருந்தால் நல்ல அறிகுறி, தயாரித்தவர்களுக்குத் தங்கள் வேலையில் நம்பிக்கை இருக்கிறது. வெறும் ஓவியமோ நிழலுருவமோ மட்டும் இருந்தால், ஏற்கெனவே வாங்கியவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

தட்டையாக இருப்பதற்குக் காரணம் அச்சு. நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பாதி, நடுவே மாவு, மூடித் திறந்தால் கொழுக்கட்டை. பொம்மை வீரனும் அப்படித்தான் பிறக்கிறான், என்ன, மாவுக்குப் பதில் உருகிய பிளாஸ்டிக், மர அச்சுக்குப் பதில் எஃகு அச்சு, கைக்குப் பதில் டன் கணக்கில் அழுத்தம். அச்சு நேராகத் திறக்கும், நேராக மூடும். கொக்கி போல உள்ளே வளைந்த இடம் ஏதாவது இருந்தால் ஆள் அச்சிலேயே மாட்டிக்கொள்வான். அதனால் சோம்பேறித்தனமாகச் செதுக்குபவர் என்ன செய்வார் என்றால், கை கால் துப்பாக்கி எல்லாவற்றையும் ஒரே தளத்தில் விரித்து வைத்துவிடுவார். அப்படி வருபவன்தான் உங்கள் அப்பள வீரன். துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே பிடித்திருப்பவனைச் செய்ய வேண்டி வந்தால், துப்பாக்கிக்கும் மார்புக்கும் நடுவே இருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பிளாஸ்டிக்காலேயே அடைத்துவிடுவார்கள், பக்கவாட்டில் பார்த்தால் வயிற்றிலிருந்து ஒரு சுவர் முளைத்தது போல இருக்கும்.

நான் எந்த ஆளைக் கையில் எடுத்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் திருப்புகிறேன், அப்புறம் முதுகைப் பார்க்கிறேன். சுடுபவனாக இருந்தால் துப்பாக்கியின் பின்கட்டை தோளில் பதிந்திருக்கிறதா, கன்னம் கட்டையின் மேல் சாய்ந்திருக்கிறதா, கண் குழலின் வழியே போகிறதா? வாள் ஓங்குபவனாக இருந்தால் அந்த வாள் இறங்கினால் எங்கே விழும்? மோசமான பெட்டிகளில் அது எதிரியின் மேல் விழாது, பக்கத்தில் நிற்கும் சொந்தத் தோழனின் தோளில்தான் விழும். நடப்பவனாக இருந்தால் உடம்பின் கனம் எந்தக் காலில் இருக்கிறது? ஒரு மனிதன் அந்த வேலையை அந்த நிலையில் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. நீங்களே எழுந்து நின்று, ஒரு துடைப்பத்தை எடுத்து அந்த நிலையில் பிடித்துப் பாருங்கள், இரண்டு நொடியில் பதில் தெரிந்துவிடும்.

நல்ல செதுக்குநர்கள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வழி கண்டுபிடிக்கிறார்கள். உடம்பைக் கொஞ்சம் திருப்பி, அச்சு பிரியும் கோட்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு வளைத்து ஓட்டி, தேவைப்பட்டால் ஒரு கையை மட்டும் தனியாக வார்த்துப் பொருத்தச் சொல்வார்கள். ரஷ்யாவின் ஸ்வெஸ்தா நிறுவனம் இதில் கெட்டி. அவர்களுடைய மாசிடோனிய ஃபாலாங்ஸ் (நீண்ட ஈட்டிகளோடு நெருக்கி நிற்கும் காலாட்படை) பெட்டியைத் திறந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கே: பொம்மைகளின் ஓரமெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு. இது மட்டமான சரக்கா, எல்லாவற்றிலும் வருமா? (திருநெல்வேலி வாசகர்)

அச்சின் இரண்டு பாதிகளும் சரியாகப் பொருந்தாத இடத்தில் பிளாஸ்டிக் கசிந்து இறுகினால் அது பிசிறு. புது அச்சில் குறைவாக இருக்கும். ஆயிரக்கணக்கான முறை மூடித் திறந்து ஓரம் தேய்ந்த அச்சில் அதிகம் வரும். ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த பழைய பெட்டி ஒன்று புது அட்டையில் மறுபடி வந்தால், பழைய விமர்சனத்தை நம்பி வாங்க வேண்டாம். அதே ஆள்தான், ஆனால் இந்த முறை எப்படி வார்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இத்தாலியின் எஸ்சி நிறுவனம் மூடிய பிறகு அதன் அச்சுகளில் பலவற்றை இத்தாலெரி மறுபடி வெளியிட்டது தெரிந்ததுதான், அந்த மாதிரி மறுவெளியீடுகளை ஒவ்வொன்றாகத்தான் எடைபோட வேண்டும்.

ஓரத்தில் மயிரிழையாக ஓடும் கோடு எல்லாவற்றிலும் இருக்கும், அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். கால்களுக்கு நடுவே, குதிரையின் வயிற்றுக்கடியில் சவ்வு போல நிற்பதுதான் தொல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மிருதுவான பிளாஸ்டிக் தேயாது, பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவரும். புது பிளேடால் ஒரே இழுப்பில் சீவுங்கள். பிசிறு முகத்தின் குறுக்கே போனால் மட்டும் அந்தப் பெட்டியை மன்னிக்காதீர்கள். முதுகில் இருந்தால் பையோ பெல்ட்டோ மறைத்துவிடும், மூக்கின் மேல் இருப்பதை எந்த வண்ணமும் மறைக்காது.

கே: மூன்று வாரம் உட்கார்ந்து 48 வீரர்களுக்கு வண்ணம் பூசினேன். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் துப்பாக்கி முனையிலும் வாளிலும் பொரிந்து உதிர்ந்துவிட்டது. அழுகையே வந்துவிட்டது. பெயிண்ட் சரியில்லையா, பொம்மை சரியில்லையா? (சென்னை வாசகி)

உங்கள் மீது தப்பில்லை, பெயிண்ட் மீதும் பெரிதாக இல்லை. இந்த அளவுள்ள பெரும்பாலான பொம்மை வீரர்கள் பாலிதீன், அதாவது நாம் பை செய்யும் அதே குடும்பம், கொஞ்சம் கெட்டியானது. அதன் மேற்பரப்பு மெழுகு மாதிரி, எதுவும் எளிதில் ஒட்டாது. அதோடு அது வளையும். வளையும் துப்பாக்கியின் மேல் வளையாத எனாமல் வண்ணத்தைப் பூசினால் மேலே இருப்பது விரிசல் விட்டு உதிரத்தான் செய்யும்.

எந்தப் பிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஆளைப் போடுங்கள், குமிழி ஒட்டாமல் விரலால் ஒருமுறை அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிதீன், அது தண்ணீரைவிட லேசானது. மூழ்கினால் பாலிஸ்டைரீனோ பிவிசியோ போன்ற வேறு வகை. மூழ்கியவன் விறைப்பாக, மடக்கினால் உடைபவனாக இருந்தால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், அதில் எந்த வண்ணமும் நிம்மதியாக ஒட்டும்.

மிதக்கும் ஆட்களுக்கு நான் செய்வது இதுதான். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசிக் காயவிடுவேன். அச்சிலிருந்து ஆள் எளிதில் பிரிய அவர்கள் தடவும் எண்ணெய்ப் பசை போய்விட வேண்டும், பாதிப் பேர் தவறவிடும் படி இது. பிறகு ஃபெவிக்கால் மாதிரியான வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து மெலிதாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் தோல் மாதிரி ஆளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், வளைந்தாலும் கூடவே வளையும். அதன் மேல் அக்ரிலிக் வண்ணம், கடைசியில் வார்னிஷ் இரண்டு கை, துப்பாக்கி முனைக்கு மட்டும் மூன்று. எடுக்கும்போதும் நகர்த்தும்போதும் ஆளைத் தொடாமல் அடியில் ஒட்டியிருக்கும் அட்டையைத் தொடுங்கள். இவ்வளவு செய்தும் வாள் முனையில் கொஞ்சம் போகும், அதைத் தொட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

தரத்தைப் பொறுத்தவரை இதில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பாலிதீனும் ஒன்றல்ல. சில பெட்டிகளில் ரப்பர் மாதிரி துவளும், ஈட்டி நட்ட இடத்தில் நிற்காமல் வாடிய கீரைத்தண்டாகச் சாயும். சிலவற்றில் கெட்டியாக, கோடுகள் கூர்மையாக இருக்கும். நீளமான ஆயுதம் எது இருக்கிறதோ அதைச் சுண்டிப் பாருங்கள், திரும்ப நேராக வந்து நிற்க வேண்டும். பெட்டியில் அமுங்கி வளைந்து வந்ததை மட்டும் குறையாக எண்ண வேண்டாம், நல்ல சூடான நீரில் சில விநாடி முக்கி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் சரியாகிவிடும்.

கே: இரண்டு பெட்டியிலும் 1/72 என்றுதான் போட்டிருக்கிறது. ஒரு பெட்டி ஆட்கள் அண்ணன், இன்னொரு பெட்டி ஆட்கள் தம்பி மாதிரி இருக்கிறார்களே? (ஈரோடு வாசகர்)

1/72 என்றால் நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. 1 மீட்டர் 70 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் 1/72-இல் 23.6 மில்லிமீட்டர். 1/76-இல் 22.4. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1959-இல் தன் முதல் சிறு வீரர்களைக் கொண்டு வந்தபோது பொம்மை ரயில் பெட்டியின் அளவான 1/76-ஐ ஒட்டித்தான் செய்தது, 1/72 என்ற பெயர் பிறகுதான் நிலைபெற்றது. பழைய அச்சில் வந்த ஆட்கள் குட்டையாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. மனிதர்கள் எல்லோரும் ஒரே உயரமா என்ன? ஒரு படைப்பிரிவில் கலக்காமல், ஒரு பெட்டி ஆட்களை ஒரு ரெஜிமென்டாகவும் இன்னொன்றை அடுத்த ரெஜிமென்டாகவும் நிறுத்தினால் மேஜையில் கண்ணுக்கே தெரியாது.

உயரத்தைவிட உறுத்துவது பருமனும் தலையும். வளர்ந்த மனிதனின் தலை அவன் உயரத்தில் ஏறக்குறைய ஏழரையில் ஒரு பங்கு, 1/72-இல் 3 மி.மீ.யை ஒட்டி வரும். 4 மி.மீ. தலையோடு வருபவன் குழந்தை மாதிரி தெரிவான், அவனை இன்னொருவன் பக்கத்தில் நிறுத்தவே முடியாது. அப்புறம் துப்பாக்கியை அளந்து பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் 1777 மாதிரித் துப்பாக்கி ஏறக்குறைய 152 செ.மீ., அதாவது 21 மி.மீ. வர வேண்டும். அதன் முனையில் பயனெட் என்ற குத்துக்கத்தியை மாட்டினால் மொத்தம் ஆளின் உயரத்தைத் தாண்டிவிடும். ஆளின் நெஞ்சளவே வருகிற துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் செதுக்கியவர் ஒரு அருங்காட்சியகத்துப் படத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். தடிமனை மட்டும் மன்னிக்கலாம், உண்மையான குழல் இந்த அளவில் அரை மில்லிமீட்டர்கூட வராது, அவ்வளவு மெலிதாக வார்த்தால் கையில் நிற்காது.

கே: வரலாற்றுச் சரித்தன்மை என்று எழுதுகிறீர்களே, ஒன்றரை விரற்கடை பொம்மையில் அதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? யார் கவனிக்கப்போகிறார்கள்? (மதுரை வாசகர்)

நான் கவனிப்பேன். நீங்களும் ஆறு மாதம் ஆடினால் கவனிக்க ஆரம்பிப்பீர்கள். ஏனென்றால் இந்த விளையாட்டின் சுவையே அங்கேதான் இருக்கிறது, இல்லையென்றால் சதுரங்கக் காய்களை வைத்தே ஆடிவிட்டுப் போகலாமே.

வாட்டர்லூவையே எடுத்துக்கொள்வோம். 1815 ஜூன் 18. பெட்டியில் "பிரிட்டிஷ் காலாட்படை, வாட்டர்லூ" என்று இருக்கிறது. தொப்பியைப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் உயர்ந்து, பின்னால் தாழ்ந்த தொப்பி என்றால் அது 1812-இல் வந்த மாதிரி, வரிசைக் காலாட்படையில் பெரும்பாலோர் வாட்டர்லூவில் அணிந்தது. அடுப்புக் குழாய் மாதிரி நேராக நிற்கும் உருளைத் தொப்பி என்றால் அது அதற்கு முந்தையது, ஸ்பெயின் போர்க்களங்களுக்குப் பொருத்தம். ஆனால் அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம், இலகு காலாட்படையும் 95-ஆம் ரைஃபிள் படையும் வாட்டர்லூவிலும் அந்தப் பழைய உருளைத் தொப்பியோடுதான் நின்றன. கில்ட் பாவாடையும் இறகுத் தொப்பியுமாக ஸ்காட்லாந்துக்காரர்கள் வேண்டுமானால் 42, 79, 92-ஆம் ரெஜிமென்டுகள். அதே ஸ்காட்லாந்தின் 71-ஆம் ரெஜிமென்ட் இலகு காலாட்படை, கால்சட்டைதான் போட்டிருந்தது, கில்ட் கிடையாது.

பிரெஞ்சுப் பக்கம் இன்னும் சுவாரசியம். 1812-இல் புதுச் சீருடை ஒழுங்கு வந்தது. அதற்கு முன் கோட்டின் முன்பக்கம் நெஞ்சுக்குக் கீழே பிரிந்து விலகும், உள்ளே இருக்கும் வெள்ளை அங்கி தெரியும், பின்னால் வால் நீளம். புதியதில் இடுப்பு வரை மூடியிருக்கும், வால் குட்டை. அதனால் முதுகுப்பக்கம் திருப்பி வாலைப் பார்த்தாலே 1805 ஆஸ்டர்லிட்ஸ் சண்டை ஆளா 1813 லைப்ஸிக் சண்டை ஆளா என்று சொல்லிவிடலாம். அடுத்து, மார்பில் எத்தனை வார்ப்பட்டை? ஃப்யூசிலியர் என்ற சாதாரணச் சிப்பாய்க்கு 1807-க்குப் பிறகு குட்டை வாள் இல்லை, அதனால் தோட்டாப் பெட்டியைத் தாங்க ஒரே ஒரு பட்டை, பயனெட் உறையும் அதிலேயே. கிரெனடியர்கள் என்ற தேர்ந்தெடுத்த வீரர்களுக்குத்தான் வாளும் உண்டு, இரண்டு பட்டைகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும். பெட்டியில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டு பட்டை போட்டு, எல்லோர் தொப்பியிலும் நீண்ட இறகு நட்டு, "ஃப்யூசிலியர்கள்" என்று பெயர் எழுதியிருந்தால் வேலை சரியில்லை. ஃப்யூசிலியர் தொப்பியில் உருண்டைக் குஞ்சம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பிரெஞ்சுப் பெட்டிகள் அழகுச் சீருடைக்காரர்களைக் கொண்டவை அல்ல, பெரிய மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பிக்கு உறை மாட்டி, முதுகில் மூட்டையோடு குனிந்து நடப்பவர்கள். முந்தின இரவு முழுக்கக் கொட்டிய மழையில் சேற்றில் படுத்து எழுந்த படை அப்படித்தான் இருந்திருக்கும். அணிவகுப்புச் சீருடையில் பளபளவென்று நிற்பவனைவிட இவன்தான் வாட்டர்லூ.

உங்களுக்கு இவ்வளவு படிக்க நேரமில்லை என்றால், எந்தக் காலத்துப் பெட்டிக்கும் ஒத்துவரும் ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கையில் வாளை உருவிப் பிடித்திருப்பவனின் உறையைப் பாருங்கள். அதிலும் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால், அவனிடம் இரண்டு வாள் இருக்கிறது, அதாவது செதுக்கியவர் யோசிக்கவில்லை. துப்பாக்கியில் பயனெட் மாட்டியிருந்தால் இடுப்பில் பயனெட் உறை காலியாக இருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தவர் மற்றதையும் பெரும்பாலும் சரியாகத்தான் செய்திருப்பார், என் அனுபவத்தில் இது அநேகமாகப் பொய்த்ததில்லை.

கே: ரோமானியர்களும் ஹானிபலும் ஆட ஆசை. ரோமானியப் பெட்டி எதை வாங்கினாலும் சரிதானே? (யாழ்ப்பாணம் வாசகர்)

இல்லை, இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ரோமானியன் என்றதும் நம் கண்ணில் வருவது இரும்புப் பட்டைகளை வளையம் வளையமாகச் சுற்றிய கவசம். அது வருவது ஏறக்குறைய முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில். கார்த்தேஜின் தளபதி ஹானிபல் இத்தாலியின் கன்னேயில் ரோமானியர்களை வளைத்து அழித்தது கி.மு. 216-இல், நடுவே இரண்டு நூற்றாண்டு இடைவெளி. அன்றைய ரோமானியச் சிப்பாய் நெஞ்சில் ஒரு சிறு உலோகத் தகட்டைக் கட்டியிருப்பான், வசதி இருந்தால் சங்கிலிக் கவசம். கேடயம் நீள்வட்டம், பிற்காலத்துச் செவ்வகம் அல்ல. "குடியரசு ரோமானியர்" அல்லது "பியூனிக் போர்" (ரோமும் கார்த்தேஜும் மோதியது) என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், வெறும் "ரோமானியர்" என்றால் பெரும்பாலும் பேரரசுக் காலத்து ஆட்கள்தான் உள்ளே இருப்பார்கள். அமெரிக்காவின் ஹாட் நிறுவனம் பியூனிக் போர்க் காலத்துக்கு நிறையச் செய்திருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

கே: இரண்டாம் உலகப் போர் ஆட்களுக்கும் இதே கதையா? (சேலம் வாசகர்)

அதே கதைதான், ஆயுதத்தைப் பார்த்தால் போதும். 1940 பிரான்ஸ் சண்டைக்கு ஜெர்மானியர்கள் வேண்டுமென்றால் கையில் எம்ஜி 34 இயந்திரத் துப்பாக்கி இருக்க வேண்டும், எம்ஜி 42 பெயரே சொல்கிறது, 1942. பான்சர்ஃபாஸ்ட் என்ற டாங்கி எதிர்ப்பு ஆயுதம் வைத்திருப்பவன் 1943-க்கு முன் எங்கும் நிற்க முடியாது. ஒரே பெட்டியில் எல்லா ஆண்டு ஆயுதங்களையும் கலந்து போடுவார்கள், 1944-க்கு ஆடுபவர்களுக்கு அது பரவாயில்லை, மற்றவர்கள் கழித்துப் பார்த்து எத்தனை ஆள் தேறுவார்கள் என்று எண்ணிவிட்டு வாங்குங்கள்.

கே: பெட்டியில் 12 விதமான நிலைகள் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அது நல்லதுதானே? (தஞ்சாவூர் வாசகர்)

கண்ணாடி அலமாரியில் வைப்பவர்களுக்கு நல்லது. நமக்கு அப்படியல்ல, இதைக் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுப் படைகள் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று சண்டை போட்டவை. 600 பேர் கொண்ட ஒரு பட்டாலியனை ஒரு பொம்மைக்கு 25 பேர் என்று வைத்தால் 24 ஆட்கள், எல்லோரும் அநேகமாக ஒரே மாதிரி நடக்க வேண்டும். பெட்டியில் 48 பேர், 12 நிலை, நிலைக்கு 4 பேர் என்றால் நடப்பவன் நான்கே பேர். ஒரு பட்டாலியனுக்கு ஆறு பெட்டி வாங்கி, மீதி 264 பேரை என்ன செய்வீர்கள்? அதிலும் ஒருவன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பான், ஒருவன் மார்பில் குண்டடிபட்டுச் சாய்வான், ஒருவன் தரையில் தவழ்வான். அந்தக் காலத்து வரிசையில் தவழ்பவனுக்கு இடமே இல்லை.

நான் முதன்முதலில் செலவு செய்து வாங்கிய ஆஸ்திரியப் படை இப்படித்தான் வீணாயிற்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். செதுக்கு வேலை அற்புதம், முகங்கள் உயிரோடு இருந்தன, ஆனால் நான்கு பெட்டியிலிருந்து ஒழுங்காக ஒரு வரிசை நிற்க வைக்க முடியவில்லை. அன்றிலிருந்து பெட்டியை எடுத்ததும் நான் எண்ணுவது நிலைகளை அல்ல, நடப்பவர்கள், நின்று சுடுபவர்கள், தோளில் துப்பாக்கி வைத்து நிற்பவர்கள் இவர்களை மட்டும்தான். பாதிக்கு மேல் இவர்கள் இருந்தால் அது போர் விளையாட்டுக்காகச் செய்த பெட்டி. முழங்காலிட்டு பயனெட்டை முன்னால் நீட்டுபவர்கள் பிரிட்டிஷ் பெட்டியில் இருந்தால் தனி மதிப்பெண் கொடுப்பேன், குதிரைப்படையை எதிர்த்துச் சதுரம் கட்டும்போது முன்வரிசைக்கு அவர்கள்தான் வேண்டும். ஹாட் சில பெட்டிகளை நடப்பவர்களுக்கென்றே தனியாகப் போட்டது, இந்தக் கஷ்டம் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

அதிகாரி, கொடி தூக்குபவர், முரசு அடிப்பவர் மூவரும் பெட்டியில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். பட்டாலியனுக்கு ஒருவர் வீதம் போதும், எட்டு அதிகாரியும் இரண்டு சிப்பாயுமாக வரக் கூடாது.

கே: குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே? (புதுச்சேரி வாசகி)

கேட்டதற்கு நன்றி, குதிரைதான் எனக்குப் பிடித்த பகுதி. குதிரைப்படைப் பெட்டியில் 12-லிருந்து 18 குதிரை வரை வரும், ஆளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடக் குதிரைக்குக் கொடுக்காதவர்கள் நிறைய.

பழைய ஓவியங்களில் பாயும் குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னே நீட்டி, ஆகாயத்தில் மரக்குதிரை மாதிரி பறக்கும். உயிருள்ள குதிரை அப்படி ஓடுவதே இல்லை. 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் காமிராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்துக் காட்டினார், நான்கு காலும் தரையை விட்டு எழும் கணம் இருக்கிறது, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கிச் சேர்ந்திருக்கின்றன, விரிந்தில்லை. இது தெரிந்து இத்தனை காலமாகியும் இன்றும் பறக்கும் மரக்குதிரைகளை வார்த்து விற்கிறார்கள். பெருநடை ஓட்டத்தில் எதிரெதிர் கால்கள் ஜோடியாக எழ வேண்டும், இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்து. ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து எழுந்திருந்தால் அது ஒட்டகத்தின் நடை, போர்க்குதிரைக்கு அப்படி வைப்பது தப்பு.

அடுத்தது கனம். பிரெஞ்சு க்யூராசியர் என்பவன் முன்னும் பின்னும் இரும்புக் கவசம் போட்ட பெரிய ஆள், அவனைச் சுமக்கப் பெரிய குதிரை தேடித் தேர்ந்தெடுத்தார்கள். ஹுஸார் இலகுப்படை, சின்னக் குதிரை. இரண்டு பெட்டியிலும் அதே குதிரையைப் போட்டிருந்தால் நிறுவனம் ஒரு அச்சை மிச்சம் பிடித்திருக்கிறது. சேணத்தையும் பாருங்கள், ஒவ்வொரு படைக்கும் சேணத்துணியின் வெட்டு வேறு, அதனால் குதிரையை மாற்றிப் போட்டால் சேணமும் தப்பாகிவிடும்.

கடைசியாக, ஆளைக் குதிரையில் உட்கார வைத்துப் பாருங்கள். தொடை குதிரையின் விலாவைத் தொட வேண்டும். நடுவே வெளிச்சம் தெரிந்தால் எத்தனை பசை போட்டாலும் அவன் விழுந்துகொண்டே இருப்பான், பாலிதீனில் ஃபெவிக்விக்கும் நம்பிக்கையாக நிற்காது. நான் ஊசியைச் சூடாக்கி ஆளின் அடியிலும் சேணத்திலும் துளையிட்டுச் சின்னக் கம்பித் துண்டைச் செருகிவிடுகிறேன்.

கே: 28 மி.மீ. கடினப் பிளாஸ்டிக் நல்லதா, 1/72 நல்லதா? (பெங்களூர் வாசகர்)

கையில் உள்ள பணத்தையும் வீட்டில் உள்ள மேஜையையும் பொறுத்தது. 28 மி.மீ. அளவு உயரமுள்ள ஆட்கள் பாலிஸ்டைரீன், பிளாஸ்டிக் சிமென்ட் போட்டால் உருகி ஒட்டும், வண்ணம் பிடிக்கும், தலை கை எல்லாம் தனித்தனியாக வருவதால் அப்பள வீரன் பிரச்சினை குறைவு. இங்கிலாந்தின் ஆலன், மைக்கேல் பெர்ரி இரட்டையர்கள் செய்யும் பெட்டிகளை நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன், கோட்டின் மடிப்புகூட உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்து விழுந்திருக்கும். அதில் மைக்கேல் பெர்ரி ஒரு போர் மறுநடிப்பு நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் வலக்கையை இழந்து, இடக்கையால் செதுக்கக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தவர். அந்த ஆட்களைக் கையில் எடுக்கும்போது எனக்கு இது எப்போதும் நினைவுக்கு வரும்.

ஆனால் பெரிய சண்டை ஆட, ஆயிரம் பேரை நிறுத்த வேண்டும் என்றால் 1/72-தான் கட்டுப்படியாகும், இடமும் போதும். நான் பெரும்பாலும் 1/72. இரண்டையும் ஒரே மேஜையில் கலக்காதீர்கள், மற்றபடி உங்கள் விருப்பம்.

கே: அப்பா 1970-களில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஏர்ஃபிக்ஸ் வீரர்கள் பரணில் கிடைத்தார்கள். ஒரு ஆளை எடுத்தேன், கால் உடைந்துவிட்டது. மற்றவர்களைக் காப்பாற்ற வழி உண்டா? (நாகர்கோவில் வாசகி)

பழைய வார்ப்புகளில் சில வயதாக ஆக இப்படி மொறுமொறுவென்று ஆகிவிடுகின்றன, வெயிலும் பரணின் சூடும் அதை வேகப்படுத்தும். ஆன பிறகு பழைய நெகிழ்வைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, வெந்நீரில் போடுவதும் உதவாது. ஆனால் எல்லாமே அப்படி ஆகியிருக்காது, ஒரே டப்பாவில் ஒரு நிறத்து ஆட்கள் உதிர்ந்துபோய், பக்கத்தில் வேறு நிறத்து ஆட்கள் நேற்று வாங்கியது போல இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரின் துப்பாக்கியையும் மிக லேசாக வளைத்துப் பார்த்துப் பிரித்துவையுங்கள். வளைபவர்களைக் கழுவி, வண்ணம் பூசி, தாராளமாக ஆடலாம். வளையாதவர்களை விளையாட்டில் இறக்க வேண்டாம், வெயில் படாத இடத்தில் பஞ்சு விரித்த பெட்டியில் வையுங்கள். கால் உடைந்தவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாதத்தை அடியட்டையில் களிமண் புல்லோடு சேர்த்துப் பதித்தால் அவர் இன்னும் நிற்பார். அப்பா எந்தச் சண்டைக்கு வாங்கினார் என்று கேட்டு எழுதுங்கள், பெட்டியின் பெயர் தெரிந்தால் அந்தப் படைக்கு இப்போது யார் ஆள் செய்கிறார்கள் என்று அடுத்த மாதம் சொல்கிறேன்.